தொட்டி கட்டியும் வடிகாலில் எண்ணெய் மிதப்பது ஏன்?

கேள்வி: சென்னைப் புறநகரில் 10 சென்ட் இடத்தில் டூ வீலர், கார் சர்வீஸ் நடத்துகிறேன், வாட்டர் வாஷும் உண்டு. ஷெட் போக 2,500 சதுர அடி திறந்தவெளி கான்கிரீட் தரை. வாஷ் செய்யும் ராம்ப்பும் அதில்தான் இருக்கிறது. தரைத் தண்ணீர் முழுவதும் 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் கட்டிய மூன்று அறைத் தொட்டிக்குள் போய், அங்கிருந்து தெருவின் மழைநீர் வடிகாலில் சேர்கிறது. தொட்டியில் 3 அடி தண்ணீர் நிற்கும். மழை பெய்தால் வடிகாலில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தொட்டி இருந்தும் எப்படி எண்ணெய் வெளியே போகிறது? பெரிய தொட்டி கட்ட வேண்டுமா? தண்ணீரை எங்கள் மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நாளைக்கே செய்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் குழிக்குள் தரைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. வடிகாலில் விழும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், நாலு பேர் கேட்பார்கள். குழிக்குள் போனதோ உங்கள் போர்வெல்லுக்கும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லுக்கும் போய்ச் சேரும். திரும்ப எடுக்க வழியில்லை. சட்டப்படியும் தப்ப முடியாது. 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நீரோடை, கிணறு, சாக்கடை ஆகியவற்றோடு நிலத்தையும் சேர்த்தே சொல்கிறது. மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கூரைத் தண்ணீர் மட்டுமே உரியது.

இனி தொட்டி. வாட்டர் வாஷ் தண்ணீருக்கு உங்கள் தொட்டியே போதும். மழைக்கு அதைப் போல இரண்டு கட்டினாலும் போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எண்ணெய் பிரிக்கும் தொட்டியில் எந்த மாயமும் இல்லை. எண்ணெய்த் துளி தண்ணீரைவிட லேசானது, அதனால் மெல்ல மேலே ஏறும். தண்ணீர் தொட்டியைக் கடந்து போவதற்குள் துளி மேலே வந்துவிட்டால் பிடிபடும், இல்லாவிட்டால் தண்ணீரோடு வெளியே போகும். 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பெரிய துளி மணிக்கு ஏறக்குறைய 6 மீட்டர் வேகத்தில் ஏறும். 60 மைக்ரான் துளியின் வேகம் மணிக்கு 1 மீட்டர்தான். தொட்டிக்குள் வரும் தண்ணீரின் அளவைத் தொட்டியின் மேற்பரப்பால் வகுத்தால் ஒரு வேகம் கிடைக்கும். அந்த வேகத்தைவிட மெதுவாக ஏறும் துளிகள் முழுதாகப் பிடிபடாது, எவ்வளவு மெதுவோ அவ்வளவு அதிகமாகத் தப்பும். தொட்டியின் ஆழத்தைவிட மேற்பரப்பு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 18 சதுர அடி, அதாவது 1.67 சதுர மீட்டர். வாஷ் பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் அடித்தால் மணிக்கு 900 லிட்டர். வகுத்தால் மணிக்கு அரை மீட்டர் சொச்சம். 60 மைக்ரான் துளியும் மாட்டிக்கொள்ளும்.

அதே தொட்டிக்கு மழை வரட்டும். 2,500 சதுர அடி என்பது 232 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் பெய்தால் (வடகிழக்குப் பருவமழையில் இது அபூர்வமே அல்ல) மணிக்கு 11,600 லிட்டர் உள்ளே வருகிறது. வாஷ் தண்ணீரைப் போல 13 மடங்கு. வகுத்தால் மணிக்கு 7 மீட்டர். 150 மைக்ரான் துளியே முழுதாகப் பிடிபடாது, 60 மைக்ரான் துளிகளில் பெரும்பகுதி தப்பிவிடும். தொட்டியில் நிற்கும் 1,500 லிட்டரும் எட்டு நிமிடத்தில் முழுதாக மாறிவிடுகிறது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு: வாரக்கணக்கில் மேலே தேங்கிய எண்ணெயையும் அடியில் படிந்த சேற்றையும் அந்த வேகம் கலக்கி வெளியே அனுப்புகிறது. வெயில் காலம் முழுக்கத் தொட்டி பிடித்து வைத்ததை முதல் பெருமழை ஒரே மணி நேரத்தில் வடிகாலில் கொட்டிவிடுகிறது. உங்களுக்கு வந்த நோட்டீஸுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே செலவைப் பெரிய தொட்டியில் போடாதீர்கள். மழை உள்ளே வராமல் தடுப்பதில் போடுங்கள்.

வாஷ் ராம்ப்பைச் சுற்றி 20 அடிக்கு 15 அடி இடத்தை மட்டும் கலர் ஷீட் போட்டு மூடுங்கள். பக்கவாட்டில் சாரல் அடிக்கும் என்பதால், திறந்திருக்கும் பக்கங்களில் கூரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வெளியே நீட்ட வேண்டும். 12 அடி உயரமென்றால் 4 அடி. வடகிழக்குப் பக்கம் ஷீட்டைத் தரைவரை இறக்கிவிடுவது இன்னும் நல்லது. கூரை விளிம்பில் காடி வைத்து, அந்தத் தண்ணீரைத் தரையில் படாமல் குழாய் வழியாகவே சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோகலாம். ஷெட் கூரைத் தண்ணீரையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

கூரை மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடியும். முற்றத்துத் தண்ணீர் ஓடி வந்து வாஷ் இடத்துக்குள் புகுமானால் கூரை போட்டும் பயனில்லை. சுற்றிலும் 3 அங்குல உயரத்துக்குக் கான்கிரீட் மேடு எழுப்புங்கள். வண்டி ஏறி இறங்கும் பக்கத்தில் மேட்டின் இருபுறமும் 2 அடி நீளத்துக்குச் சரிவு கொடுத்தால் தாழ்வான காரும் அடி தட்டாமல் ஏறும், ஸ்கூட்டரும் தடுமாறாது. உள்ளே தரைக்கு 60 அடிக்கு 1 அடி வீதம் சரிவு போதும், அது கிரேட்டிங் போட்ட காடியை நோக்கி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினாலோ மேட்டைத் தாண்டினாலோ கொத்தனாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே சரிசெய்ய வைத்துவிடுங்கள்.

பிறகு முற்றத்திலிருந்து தொட்டிக்கு வரும் குழாயை அடைத்துவிடலாம். முற்றத்து மழைநீர் தனியாக வடிகாலுக்குப் போகட்டும். ஆனால் அந்தத் தரையில் எண்ணெய் இல்லாதபடி வைத்திருந்தால்தான் இது நியாயம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொட்டியை இடிக்க வேண்டாம், திறந்து பாருங்கள். இத்தகைய தொட்டிகளில் அடிக்கடி காணப்படும் தவறு, அறைகளுக்கு இடையிலான சுவரில் துளையை மேலே போடுவது. தண்ணீர் வழிந்து போவதற்கு மேலேதானே ஓட்டை வேண்டும் என்று செப்டிக் டேங்க் கட்டிப் பழகிய கை நினைத்துக்கொள்ளும். மிதக்கும் எண்ணெய்க்கு அதுவே ராஜபாட்டை. ஒவ்வொரு சுவரிலும் தண்ணீர் கடக்கும் வழி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், நீர்மட்டத்துக்கு மிகவும் கீழே இருக்க வேண்டும். மேல் துளைகளை அடைத்துவிட்டுக் கீழே புதிதாகப் போடுங்கள், அல்லது மேல் துளையிலேயே 4 அங்குல பிவிசி டீ ஒன்றை மாட்டி, அதன் கீழ்க் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை அடி இறக்குங்கள். கடைசி அறையிலிருந்து வெளியேறும் குழாய்க்கும் இதே டீ. எல்போ போடாமல் டீ கேட்பதற்குக் காரணம் உண்டு. மேல்வாய் திறந்திருந்தால் காற்று போகும், சைபன் பிடித்துத் தொட்டியை உறிஞ்சாது, அடைத்தால் கம்பி விட்டுக் குத்தவும் முடியும்.

தொட்டிக்கு முன்னால் 2 அடிக்கு 2 அடியில் மண் பிடிக்கும் குழி ஒன்று தனியாக வேண்டும். வண்டிச் சக்கரத்திலிருந்து வரும் மண்தான் தொட்டியை மிக விரைவில் நிரப்பும். குழிக்குள் பக்கெட் வைத்து, தினமும் சாயங்காலம் அள்ளிவிடுவது சுலபம். மூன்று அறைத் தொட்டியிலிருந்து மண் அள்ளுவது சுலபமல்ல, அதனால்தான் யாரும் அள்ளுவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரும் கோட்டைவிடுவது. தொட்டியைச் சுத்தம் செய்து காலி செய்த பிறகு, வாஷ் தொடங்குவதற்கு முன் நல்ல தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டிக்குள் எண்ணெய்த் தண்ணீர் நேராக விழுந்தால், எண்ணெய் கீழ்த் துளைகள் வழியாகவே அடுத்தடுத்த அறைக்குப் போய்விடும். அதன் பிறகு கடைசி அறையில் மிதக்கும் எண்ணெயைப் பார்த்து தொட்டியே தப்பு என்பீர்கள்.

தொட்டி எல்லாம் சரியாக இருந்தும் தோற்கும் இடம் ஷாம்பு. நுரை வாஷ், டீகிரீஸர், அடிப்பாகத்தில் டீசல் ஸ்பிரே அடித்துவிட்டு மேலே சோப்பு: இவை எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். துளியின் அளவு பத்தில் ஒன்றானால் ஏறும் வேகம் நூறில் ஒன்றாகும். எந்தத் தொட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது. உங்கள் கடைசி அறைத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். எண்ணெய் மேலே திரண்டு அடியில் தெளிந்தால் தொட்டி வேலை செய்கிறது. அப்போதும் மோர்போலவே இருந்தால் சோப்பைக் கவனிக்க வேண்டும்.

முதல் மருந்து பனியன் வேஸ்ட். எஞ்சின், செயின், ஃபோர்க் பகுதியில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்து எடுத்த பிறகு தண்ணீர் அடியுங்கள். துணியில் போனது தொட்டிக்கு வராது. டீசல் ஸ்பிரேயை நிறுத்திவிடுங்கள், அதற்கு நியாயமே கிடையாது. ஷாம்புவைக் கண்ணளவில் ஊற்றாமல் மூடியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மோர்த்தண்ணீர் வந்தால் படிகாரம் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களில் 0.2, 0.4, 0.6, 0.8 கிராம் வீதம் கரைத்து, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி வையுங்கள். தெளிவைக் கொடுக்கும் மிகக் குறைந்த அளவே உங்கள் தண்ணீருக்கு உரிய அளவு. அதைக் கணக்கிட்டு, வாஷ் தண்ணீரைத் தனி டிரம்மில் தொகுதி தொகுதியாகப் பிடித்துப் போடுங்கள். ஓடும் தண்ணீரில் போட்டால் வீண்.

தெளிந்த தண்ணீர் எங்கே போக வேண்டும்? உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அனுமதி பெற்று அதில் விடுவதே முறை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன் பொதுத் தர அளவுகளின்படி பொதுச் சாக்கடைக்குப் போகும் தண்ணீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 20 மி.கி., கரையாமல் கலந்து நிற்கும் திண்மங்கள் 600 மி.கி. வரை இருக்கலாம். ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைக்கு விடுவதென்றால் எண்ணெய் 10 மி.கி., திண்மங்கள் 100 மி.கி., உயிரிய ஆக்சிஜன் தேவை (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 30 மி.கி., பிஎச் எனும் அமில-கார அளவு 5.5 முதல் 9 வரை. மழைநீர் வடிகால் கடைசியில் ஏரிக்கோ அடையாற்றுக்கோதான் போகிறது. நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. அதனால் மழை இல்லாத நாளில் உங்கள் குழாயிலிருந்து வடிகாலில் ஒரு சொட்டும் விழக் கூடாது. விழுந்தால் அது மழைநீர் இல்லை என்பதைச் சொல்ல எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

பாதாளச் சாக்கடை இல்லையென்றால் மறுபயன்பாடுதான் வழி. தெளிந்த தண்ணீரை மணல் வடிகட்டியில் விட்டு 1,000 லிட்டர் சிந்தடிக் தொட்டியில் பிடித்து, சக்கரம், அடிப்பாகம், மட்கார்டு ஆகியவற்றின் முதல் அலசலுக்கு மறுபடி பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். சுற்றிச் சுற்றி வரும்போது உப்பும் சோப்பும் ஏறிக்கொண்டே போகும். வண்டி காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழுந்தால் தண்ணீரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இப்போது முற்றம். கூரை இல்லாத தரையில் ஆயில் மாற்றுவதும் எஞ்சின் இறக்குவதும் இனி கூடாது. அந்த வேலை ஷெட்டுக்குள். ஷெட் தரையில் காடியோ துளையோ இருந்தால் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். சிந்தியதைக் கழுவித் தள்ள வழி இருக்கும்வரை யாரும் துடைக்க மாட்டார்கள். எண்ணெய் சிந்தினால் மரத்தூள் தூவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பெருக்கி மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், பெட்ரோல் ஊற்றித் தேய்ப்பதும் கூடாது. டெலிவரிக்காக வெளியே நிற்கும் பழைய வண்டிகளின் அடியில் தகர டிரே வையுங்கள், மழை வரும்போது அதை எடுத்துவிட மறக்காதீர்கள். நிரம்பிய டிரே வழிந்தால் வைக்காமலே இருந்திருக்கலாம். கூலன்ட்டையும் பேட்டரித் தண்ணீரையும் பையன்கள் ‘தண்ணீர்தானே’ என்று தரையில் விடுவார்கள். இரண்டும் தண்ணீர் அல்ல, தனித்தனி கேன் வேண்டும்.

முதல் 10 மி.மீ. மழையைத் தனித் தொட்டியில் பிடிக்கும் ஏற்பாட்டை யாராவது விற்க வந்தால் யோசித்து வாங்குங்கள். உங்கள் முற்றத்துக்கு அது 2,000 லிட்டருக்கு மேல் வரும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நாளுக்குள் காலி செய்யாவிட்டால் அடுத்த மழைக்கு அது இருந்தும் இல்லாததுதான். உங்கள் அளவு இடத்துக்குத் தினம் ஒரு தடவை காய்ந்த தரையைப் பெருக்குவதும், செப்டம்பர் கடைசியில் கறைகளை மரத்தூளும் பிரஷும் கொண்டு எடுப்பதும் அதைவிட மலிவு, நம்பகமும்கூட.

கழிவு ஆயில் பேரலைக் கூரைக்குக் கீழே, 4 அடிக்கு 4 அடியில் 8 அங்குல உயரச் சுவர் கட்டிய தொட்டிக்குள் வையுங்கள். 210 லிட்டர் பேரல் உடைந்தாலும் அதற்குள் அடங்கும். அந்தச் சுவரில் வடிகால் துளை வைக்காதீர்கள். கழிவு ஆயில், எண்ணெய் ஊறிய துணி, மரத்தூள், தொட்டிச் சேறு எல்லாம் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருபவை. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்திடம் படிவம் 1-இல் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கோ கழிவு அகற்றும் நிலையத்துக்கோ மட்டுமே, கழிவோடு போகும் சீட்டான படிவம் 10 போட்டுக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கழிவு சேர்ந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு படிவம் 3-இல். ஆண்டு அறிக்கை படிவம் 4-இல், ஜூன் 30-க்குள். சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று கேட்டு வருபவர்களிடம் லிட்டர் கணக்கில் விற்பது ஊர்ப் பழக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணெயும் ஏதோ ஒரு கட்டடத்தின் மழைத் தண்ணீரோடு அதே வடிகாலுக்குத்தான் வருகிறது, விற்றதற்கான பொறுப்பும் உங்களுடையது.

தொட்டியை எப்போது சுத்தம் செய்வது என்பதற்குத் தேதி வைக்காதீர்கள், அளந்து பாருங்கள். பெட்ரோல் பங்கில் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் குச்சியில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். அதே பேஸ்டைத் தடவிய குச்சியை வாரம் ஒருமுறை தொட்டியில் இறக்கினால் எண்ணெய் எத்தனை அங்குலம் என்று தெளிவாகத் தெரியும். 2 அங்குலம் ஆனதும் மேலிருந்து அள்ளிப் பேரலில் ஊற்றுங்கள். அடியில் சேறு 9 அங்குலம், அதாவது நீர் ஆழத்தில் கால் பங்கு வந்ததும் அள்ள வேண்டும். அக்டோபர் பிறக்கும்போது அளவு எப்படி இருந்தாலும் ஒருமுறை முழுச் சுத்தம். சேற்றைக் குப்பைத் தொட்டியிலோ காலி மனையிலோ கொட்டினால் மேலே சொன்ன விதிதான் பாயும்.

நோட்டீஸுக்கு வருவோம். இன்றைக்கே வடிகாலுக்குப் போகும் குழாய்க்கு மூடி போட்டு அடைத்து, வாஷை நிறுத்தி, தொட்டி எண்ணெயையும் சேற்றையும் எடுங்கள். கூரை வேலை முடியும்வரை தார்ப்பாய் கட்டி, சுற்றிலும் மணல் மூட்டை போட்டுச் சமாளிக்கலாம். வடிகாலில் மிதக்கும் படலத்தின் மேல் சோப்புத் தூளோ பினாயிலோ கொட்ட வேண்டாம். படலம் மறையும், எண்ணெய் அதே அளவு தண்ணீருக்குள் இருக்கும். மாதிரி எடுத்தால் எண் குறையாது. வானவில் நிறம் காட்ட 0.3 மைக்ரான் தடிமன் போதும், ஒரு லிட்டர் எண்ணெய் 3,000 சதுர மீட்டருக்கு மேல் அப்படிப் பரவும். அதனால் படலம் தெரிவது மட்டுமே 10 மி.கி.யைத் தாண்டியதற்கு அத்தாட்சி ஆகாது. படலம் இல்லாத மோர்த்தண்ணீர் தேறிவிட்டது என்றும் ஆகாது. பரிசோதனை அறிக்கைதான் பேசும்.

மாதிரியைக் கடைசி அறையின் வெளியேறும் குழாயில், வாஷை மறுபடி தொடங்கிய பிறகு, அது நடந்துகொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பரிசோதனைக்கு அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு எண் குறைந்து காட்டும். பாட்டிலை அதே தண்ணீரால் அலசவும் கூடாது. அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே இறக்கி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும் என்பதால், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் ஆளையே வரவழைத்து எடுப்பது நல்லது.

பதில் கடிதத்தில் விளக்கம் நீட்ட வேண்டாம். எந்தத் தேதியில் குழாய் அடைக்கப்பட்டது, எந்தத் தேதியில் கூரையும் மேடும் முடியும், எண்ணெயும் சேறும் எத்தனை லிட்டர் எடுத்து யாரிடம் ஒப்படைக்கப்பட்டன, படங்கள், அறிக்கை நகல். இவ்வளவு போதும். கூடவே தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இயக்க இசைவாணை (தொழிலை நடத்துவதற்கான அனுமதி) கையில் இருக்கிறதா, அதில் வாட்டர் வாஷும் கழிவுநீர் அளவும் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். சர்வீஸுக்கு மட்டும் வாங்கிவிட்டு வாஷைப் பின்னால் சேர்த்திருந்தால், வடிகாலைப் பார்க்க வரும் அதிகாரி அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான். விண்ணப்பம் ஆன்லைனில்தான், தண்ணீர் போகும் வழிகளைக் காட்டும் வரைபடத்தை, கூரை வேலை முடிந்த பிறகு உள்ள நிலையில் வரைந்து இணையுங்கள்.